கரை சேராத உடல்கள்: திரைப்பேய்களின் பூர்வீகம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் விட்பி என்றொரு மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலில், ஆகஸ்ட் மாதப் புயலிரவு ஒன்றில், பாய் விரித்தபடியே ஒரு ரஷ்யக் கப்பல் அந்தத் துறைமுகத்துக்குள் சீறி வந்து மணலில் தட்டி நிற்கிறது. கப்பலைச் செலுத்தி வந்தவர் உயிரோடு இல்லை. கப்பல் தலைவர் தம் கைகளைச் சுக்கான் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, செபமாலையைப் பற்றியபடி இறந்திருக்கிறார். கப்பல் தட்டிய அதிர்ச்சியில் பெரிய நாய் ஒன்று தளத்திலிருந்து குதித்து இருட்டில் மறைகிறது. இந்தக் காட்சியைப் பாம்பனிலோ மண்டபத்திலோ உட்கார்ந்து படிப்பவருக்கு நாயைவிட அந்தக் கட்டப்பட்ட கைகள்தாம் கண்ணில் நிற்கும்.

ஸ்டோக்கர் அந்தக் கப்பலை வெறுங்கற்பனையில் கட்டவில்லை. ‘டிமிட்ரி’ என்ற ரஷ்யக் கப்பல் 1885இல் விட்பியில் உண்மையாகவே தரைதட்டியது. 1890இல் அவ்வூரில் தங்கியிருந்தபோது ஸ்டோக்கர் அச்செய்தியைக் கரைக்காவலர் ஒருவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார். டிராகுலா என்ற பெயரைக்கூட அவ்வூர் நூலகத்தில் படித்த பழைய நூல் ஒன்றில்தான் கண்டெடுத்தார். நாவலின்படி இரத்தம் குடிக்கும் பேயான டிராகுலா பிரபு நினைத்த நேரத்தில் ஓடும் நீரைக் கடக்க முடியாது. ஓதம் பெருகியிருக்கும்போதோ, நீர் ஏறாமலும் வற்றாமலும் நிலைத்து நிற்கும்போதோதான் கடக்க முடியும். ஏற்றவற்றமும் நீவாடு என்னும் நீரோட்டமும் பார்த்துப் படகு இறக்கும் மக்களுக்கு இந்த விதி எவ்வளவு இயல்பாகப் புரியும்! 1931இல் பேலா லுகோசி நடித்து வெளிவந்த படத்தில் கப்பல் சில நிமிடங்களில் கடந்துபோகிறது. ஏற்றவற்றத்துக்கு அங்கே வேலையே இல்லை. கறுத்த மேலங்கியும் படிய வாரிய தலைமுடியும் மட்டுமே உலகத்தின் நினைவில் தங்கின.

திரையில் நாம் கண்டு அஞ்சிய பெரும்பாலான உருவங்களின் வரலாறு இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஊர்ப்பேச்சில் ஒரு கவலை இருந்தது; எழுத்தாளர் ஒருவர் அதை எடுத்து ஒரு பாத்திரமாக்கினார்; திரைப்படம் அப்பாத்திரத்துக்கு மாறாத முகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கவலையைக் கைவிட்டது. அந்தக் கவலை எதுவென்று தேடிப்போனால், அது பெரும்பாலும் இறந்தவரின் உடலைப் பற்றியதாகவே இருக்கிறது: உடல் கிடைத்ததா, அதற்குச் செய்யவேண்டியதைச் செய்தார்களா, அது அமைதியாகக் கிடக்கிறதா. அமாவாசைதோறும் இந்தியாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து தம் முன்னோருக்கான கடனைக் கழிக்கும் இராமேசுவரத்து அக்கினி தீர்த்தம் இருக்கும் கரை இது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளும் இதே கரையில் இருக்கின்றன. ஆகவே இந்தக் கவலையை இங்கு யாருக்கும் விளக்கவேண்டிய தேவை இல்லை.

இரத்தம் குடிக்கும் பேயிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதற்கு மட்டும் அரசாங்கக் கோப்பு இருக்கிறது. 1718இல் ஆஸ்திரியப் பேரரசு துருக்கியரிடமிருந்து செர்பியாவின் ஒரு பகுதியைக் கைப்பற்றியது. அந்த எல்லைப்புறச் சிற்றூர்களில் மக்கள் திடீர்திடீரென்று நோயுற்று இறந்தபோது, முன்னால் இறந்து புதைக்கப்பட்ட ஒருவரே எழுந்துவந்து கொல்வதாக ஊரார் முறையிட்டனர். 1725இல் பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்பவரின் கல்லறையைத் தோண்டினார்கள். அச்செய்தி வியன்னா நாளிதழில் வந்தது. பிறகு அர்னோல்ட் பாவ்லே என்பவரைத் தொடர்ந்து மெட்வெஜா என்ற ஊரில் பலர் இறந்ததாகச் சொல்லப்பட்டபோது, இராணுவ மருத்துவர்கள் நேரில் சென்று பிணங்களை அறுத்துப் பார்த்து 1732 ஜனவரியில் கையெழுத்திட்டு அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கை ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டதால்தான் ‘வாம்பயர்’ என்ற சொல் அதே ஆண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

மருத்துவர்கள் கண்டது பொய்யன்று. பிணம் உப்பியிருந்தது, வாயோரம் இரத்தம் போன்ற நீர் வழிந்தது, நகமும் முடியும் வளர்ந்ததுபோல் தெரிந்தன. மண்ணுக்குள் குளிர்ந்த சூழலில் உடல் மெதுவாக அழியும்போது உள்ளே வாயு பெருகி வயிறு புடைப்பதும், அந்த அழுத்தத்தால் செந்நீர் வாய்வழி வெளியேறுவதும், தோல் சுருங்கிப் பின்வாங்குவதால் நகம் நீண்டதுபோலத் தோன்றுவதும் இன்றைய தடயவியல் அறிந்த செய்திகள். உடல் அழியும் விதத்தை முன்பின் பார்த்திராதவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். கடலில் விழுந்து சில நாள் கழித்துக் கரை ஒதுங்கிய உடலைத் தூக்கியவர்களுக்கு, உடல் என்னவெல்லாம் ஆகும் என்பது தெரியும். அவர்கள் அதைப் பேய் என்று சொல்வதில்லை.

செர்பியச் சிற்றூரார் அந்த உடலில் மரமுளை அடித்தார்கள். திரைப்படத்தில் அந்த முளை இதயத்தைத் துளைக்கும் ஆயுதமாகிவிட்டது. ஊர்வழக்கில் அதற்கு வேறு வேலையும் இருந்தது, உடலை எழவிடாமல் மண்ணோடு சேர்த்து அறைந்துவிடுவது. பேய் பிடித்தவரின் உச்சிமுடியைக் கத்தரித்து மரத்தில் வைத்து ஆணி அடிக்கும் நம்மூர் வழக்கத்தை அறிந்தவருக்கு இந்த எண்ணம் அந்நியமாகத் தோன்றாது. அலைவதை ஓரிடத்தில் நிறுத்திவிட வேண்டும் என்ற ஒரே நோக்கம், ஒன்றையொன்று அறியாத இரண்டு மக்களிடம் இரண்டு விதமாகச் செயலாகியிருக்கிறது. 1755இல் பேரரசி மரியா தெரசா தம் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டனைக் கொண்டு விசாரித்து, கல்லறைகளைத் தோண்டும் வழக்கத்துக்குத் தடை விதித்தார். ஊரில் அந்தப் பேய் அடங்கத் தொடங்கிய பிறகுதான் இலக்கியத்தில் அதற்கு வாழ்வு வந்தது.

அங்கே அது சாதியும் வகுப்பும் மாறிப் பிறந்தது. ஊர்க்கதையின் பேய் செம்மண் ஒட்டிய, உப்பிய முகத்துக் குடியானவன். தன் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும்தான் தேடி வருவான். கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்த ஜான் போலிடோரி எழுதி 1819இல் வெளிவந்த கதையில் அவன் வெளிறிய முகமும் நயமான பேச்சும் உடைய பிரபுவானான். ஸ்டோக்கர் அவனுக்குக் கோட்டையும் குலப்பெருமையும் கொடுத்தார். சூரிய ஒளி பட்டால் அவன் அழிவான் என்பது மிகப் பழைய நம்பிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நாவலில் டிராகுலா பகலில் இலண்டன் தெருவில் நடக்கிறான்; அவன் ஆற்றல் குறையுமே தவிர அவன் சாவதில்லை. கதிரவனால் மாயும் முடிவு 1922இல் முர்னாவ் ஜெர்மனியில் எடுத்த ‘நொஸ்பெராட்டு’ என்ற ஊமைப்படத்தில் தோன்றியது. உரிமை பெறாமல் எடுக்கப்பட்ட அப்படத்தின் பிரதிகளையெல்லாம் அழிக்கும்படி ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் தீர்ப்பானது. தப்பிய சில பிரதிகளிலிருந்து அந்தச் சூரிய விதி உலகமெங்கும் பரவிற்று. (நாவலின் தொடக்கத்தில், கோட்டைக்குப் போகும் வழியில் இருட்டில் ஆங்காங்கே நீலச் சுடர்கள் எழுகின்றன. நம் பாட்டிமார் அதற்குத் தயங்காமல் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர் சொல்லியிருப்பார்கள். 1931ஆம் ஆண்டுப் படத்தில் அந்தச் சுடர்கள் இல்லை.)

டிராகுலாவின் முன்னோர் வரிசையில் நம் வேதாளத்துக்கும் ஓர் இடம் கொடுக்கப்படுவதுண்டு. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இடம்பெற்று, பல மொழிகளுக்குப் பரவிய அந்தக் கதைக்கொத்தை, ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் தம் போக்கில் திருப்பிச் சொன்னார்; தலைப்பிலேயே வேதாளத்தை ‘வாம்பயர்’ ஆக்கிவிட்டார். ஸ்டோக்கர் பர்ட்டனை நேரில் அறிந்தவர். பேசும்போது அவருடைய மேலுதடு உயர்ந்து கோரைப்பல் வெளிப்பட்டதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியும் வைத்தார். ஆயினும் இந்த உறவை மிகைப்படுத்தக் கூடாது என்பதே என் கருத்து. வேதாளம் இரத்தம் குடிப்பதில்லை. அது பிறர் பிணத்தில் குடியேறி, மரத்தில் தலைகீழாகத் தொங்கி, தன்னைச் சுமந்து செல்லும் அரசனிடம் கதை சொல்லி நீதி கேட்கிறது. வடமொழியில் சிம்சபா மரத்தில் தொங்கிய வேதாளம் தமிழுக்கு வந்தபோது, வீட்டுக் கொல்லையில் நாம் நாளும் பார்க்கும் முருங்கைக்கு மாறிக்கொண்டது. பழையபடி வேதாளம் முருங்கை மரம் ஏறிவிட்டது என்று அலுத்துக்கொள்ளும் அளவுக்கு அது நம்மோடு பழகிவிட்டது.

இந்தக் கரைக்கே உரிய வேதாளக் கதை ஒன்றும் உண்டு. ஸ்காந்த புராணத்தின் சேது மாகாத்மியம் இப்பகுதித் தீர்த்தங்களைச் சொல்லிவருகையில் வேதாள வரத தீர்த்தம் என்ற ஒன்றின் பெருமையைக் கூறுகிறது. முனிவரின் சாபத்துக்கு ஆளான ஒருவன் மனிதனாகப் பிறந்து, பின் சுடுகாட்டில் வேதாளமாகி, இறுதியில் அந்தத் தீர்த்தத்தால் விடுதலை அடைகிறான். மண்டபத்துக்கு அருகே வேதாளை என்ற கடலோர ஊரைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரும். ஐரோப்பியக் கதையில் பேயை அழித்தால் கதை முடியும். சேதுவின் கதையில் பேய்க்கும் ஒரு முன்கதை இருக்கிறது, அது பட்ட துன்பம் இருக்கிறது, தீர்வதற்கு ஒரு வழியும் இருக்கிறது.

அப்படிப்பட்ட முன்கதையைத் தன் பூதத்துக்குக் கொடுத்த ஐரோப்பிய எழுத்தாளர் மேரி ஷெல்லி. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து வானில் எறிந்த தூசும் வாயுவும் உலகைச் சூழ்ந்ததால், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை; பயிர்கள் அழுகிப் பஞ்சம் வந்தது. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையில் மழையால் வீட்டுக்குள் அடைபட்ட சிலர் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவுசெய்தார்கள். பைரனும் போலிடோரியும் அங்கே இருந்தார்கள். மேரிக்கு அப்போது வயது 18. நம் பக்கத்துக் கடல்களில் எழுந்த புகை, ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்கும் போலிடோரியின் கதைக்கும் ஒரே வீட்டில் வித்திட்டது என்பது நினைக்க நினைக்க வியப்பைத் தருகிறது. நாவல் 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயரில்லாமல் 500 படிகள் அச்சாகி வந்தது.

அதன் பின்புலத்திலும் உடல்கள் கிடந்தன. 1803இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒரு குற்றவாளியின் உடலில் ஜியோவன்னி அல்டினி என்ற அறிஞர் மின்சாரம் பாய்ச்ச, தாடை துடித்து ஒரு கண் திறந்தது. மருத்துவக் கல்விக்குப் பிணம் போதாமல் கல்லறையிலிருந்து உடல்களைத் திருடி விற்கும் தொழிலும் அந்நாட்டில் நடந்துவந்தது. ஏழையின் பிணம் புதைத்த இடத்தில் கிடக்கும் என்ற உறுதிகூட இல்லாத காலம் அது. மேரி ஷெல்லியின் பூதம் அப்படிப்பட்ட உடல்களின் துண்டுகளிலிருந்து எழுந்து, ஒரு குடும்பத்தை மறைவிலிருந்து கவனித்தே மொழி கற்று, கவிஞர் மில்டனைப் படித்து, தன்னைப் படைத்தவனிடம் வந்து நீ செய்தது நியாயமா என்று வழக்குரைக்கிறது. 1931இல் ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில் போரிஸ் கார்லோஃப் அந்தப் பூதமாக வந்தார். தட்டையான தலையும் கழுத்தில் இரும்பு முளைகளும் ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் கையால் உருவானவை. அவற்றைவிடப் பெரிய மாற்றம் பூதத்தின் பேச்சைப் பறித்ததுதான். கார்லோஃபின் கண்களிலும் கைகளிலும் அந்த வேதனை தெரிவதை மறுக்க மாட்டேன். ஆனாலும் உறுமலால் வழக்காட முடியாது. குற்றவாளியின் மூளையைப் பொருத்தியதால் பூதம் கெட்டுப்போயிற்று என்று படம் ஒரு காரணத்தையும் சேர்த்தது. நாவலின்படி அதைக் கெடுத்தது, பெற்றவன் கைவிட்டதும் கண்டவர் கல்லெறிந்ததும் ஆகும்.

ஓநாய் மனிதனையும் மம்மி எனப்படும் எகிப்தியப் பிணத்தையும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மனிதன் ஓநாயாக மாறுவது கிரேக்க, உரோமைக் கதைகளிலேயே உண்டு. 1589இல் ஜெர்மனியில் பீட்டர் ஸ்டும்ப் என்பவர் அந்தக் குற்றச்சாட்டில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஆனால் 1941ஆம் ஆண்டுப் படத்தில் ஊரார் பழம்பாட்டாகச் சொல்லும் வரிகளைத் திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக்கே இயற்றினார். பின்னர் பலர் அவற்றை உண்மையான நாட்டார் பாடல் என்றே நம்பினர். அப்படத்தில் அடுத்துச் சாகப்போகிறவரின் உள்ளங்கையில் ஒரு நட்சத்திரக் குறி தோன்றும். சியோட்மாக் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர் என்பதை அறிந்தபின் அந்தக் குறியைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை. எகிப்தியப் பிணத்தின் சாபமோ நாளிதழ்களால் வளர்ந்தது. எகிப்திய அரசன் துத்தன்காமனின் கல்லறை 1922 நவம்பரில் திறக்கப்பட்டது. அகழ்வுக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில், கொசுக்கடி புண்ணாகி நஞ்சேறி இறந்தார். 1932ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர், அந்த அகழ்வைச் செய்தியாளராகப் பின்தொடர்ந்த ஜான் பால்டர்ஸ்டன்.

நான் நின்று சொல்ல விரும்புவது சோம்பியைப் பற்றி. இன்று திரையில் கூட்டம்கூட்டமாக வந்து மனிதரைக் கடிக்கும் அந்த உருவத்தின் தாயகம், கரீபியன் கடலிலுள்ள ஹைட்டி. பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திவரப்பட்டவர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்தார்கள். இறந்தால் உயிர் கடல் கடந்து தாய்நிலத்துக்குத் திரும்பிவிடும் என்ற ஒரே ஆறுதல் அவர்களுக்கு இருந்தது. அந்த ஆறுதலும் பறிபோனால் என்ன ஆகும் என்ற அச்சத்தின் பெயர்தான் சோம்பி: இறந்த பிறகும் எழுப்பப்பட்டு, நினைவும் விருப்பமும் அற்று, எசமானுக்காகத் தொடர்ந்து உழைக்கும் உடல். ஹைட்டி மக்கள் சோம்பியைக் கண்டு அஞ்சியதைவிடத் தாம் சோம்பி ஆகிவிடுவோமோ என்றே அதிகம் அஞ்சினார்கள்.

அவர்களுடைய கதையில் ஒரு விதி உண்டு. சோம்பிக்கு உப்பில்லாத சோறுதான் போட வேண்டும். தவறி நாவில் உப்புப் பட்டுவிட்டால் அதற்குத் தான் யார் என்பது நினைவுக்கு வந்துவிடும். வேலையைப் போட்டுவிட்டு நேரே தன் ஊருக்கு நடந்து, தன் கல்லறையைக் கையால் தோண்டி உள்ளே படுத்துக்கொள்ளும். மாரியூர், வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த விதியைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய் என்று நாம் ஒருவரைக் கேட்கும்போது எதைக் கேட்கிறோம்? ரோசம் இருக்கிறதா, சுரணை இருக்கிறதா என்றுதானே. சுரணை மீண்ட அடிமை கல்லறைக்கேனும் தன் விருப்பப்படி போகிறான் என்பதைச் சொல்ல, உலகின் மறுகோடியில் ஒரு மக்கள் இதே உப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கப் படைகள் 1915 முதல் 1934 வரை ஹைட்டியைப் பிடித்துவைத்திருந்தன. அந்நாட்களில் அங்கே சென்ற எழுத்தாளர் வில்லியம் சீபுரூக், அமெரிக்கக் கரும்பு நிறுவனம் ஒன்றின் வயல்களில் சோம்பிகள் உழைத்ததாகத் தாம் கேட்ட கதையை, உப்பின் விதியோடு 1929இல் எழுதினார். மூன்றே ஆண்டுகளில், 1932இல், அக்கதை திரைக்கு வந்துவிட்டது. அந்த முதல் படத்தில் ஆலையின் செக்கை உணர்வற்ற மனிதர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும் காட்சியாவது அந்தத் துயரத்தைக் கொஞ்சம் காட்டியது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்தில் இறந்தவர்கள் எழுந்து உயிருள்ளவரைத் தின்றார்கள். படத்தில் அவர்களுக்குச் சோம்பி என்ற பெயர் இல்லை, பிணம் தின்னும் அரபுக் கதைப் பேயான ‘கூல்’ என்பதன் பெயரே இருந்தது. சோம்பி என்ற பெயரைப் படம் பார்த்தவர்கள் பின்னர் சேர்த்துவிட்டார்கள். கலிங்கத்துப்பரணியில் கூழ் அட்டு உண்ணும் பேய்களின் பசியைப் படித்தவருக்கு அந்தப் பசி புதிதாக இராது. ஆனால் அந்த இணைப்பில் எசமான் மறைந்தான், கரும்பு மறைந்தது, உப்பும் மறைந்தது. உழைத்துச் செத்தவர் இரங்கத்தக்கவராக இருந்த கதை, அவரைச் சுட்டுத் தள்ளும் கதையாகிவிட்டது. திரைப்படம் செய்த உதிர்ப்புகளிலேயே எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

இறுதியாக ஜப்பானியத் திரையின் கடற்பூதமான கொட்சில்லா. 1954 மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானிய விசைப்படகின்மேல் வெள்ளைச் சாம்பல் மழைபோல் கொட்டியது. அதிலிருந்த 23 மீனவர்களும் கதிரியக்கத்தால் நோயுற்றுக் கரை திரும்பினார்கள். படகின் வானொலிக் கருவியை இயக்கிவந்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23இல் இறந்தார். ஜப்பானியச் சந்தைகளில் மீனைத் தொட மக்கள் அஞ்சினார்கள். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி இஷிரோ ஹோண்டாவின் படம் வெளிவந்தது. கடலில் ஓர் ஒளி வெடித்துக் கப்பல் எரிவதோடு அது தொடங்குகிறது என்பதை அன்றைய பார்வையாளர் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மீன்பாடு குறைந்த காலத்தில் பெண்களைத் தெப்பத்தில் ஏற்றிக் கடலில் விட்டுப் பலிகொடுத்ததாகத் தீவுக் கிழவர் ஒருவர் சொல்லும் பழங்கதை, படத்துக்காகப் புனையப்பட்டது. ஆனால் மீன்பாடு அற்றுப்போன கரையின் அச்சம் அதில் உண்மையாகவே இருக்கிறது. 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது அங்குள்ள நடிகர் ஒருவரைக் கதைக்குள் புகுத்தி, அணுகுண்டைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டார்கள்.

அப்படத்தில் பூதம் தலைகாட்டுவதற்கு வெகு முன்பே ஒரு காட்சி வரும். கப்பல்கள் ஒவ்வொன்றாகக் காணாமற்போன செய்தி கேட்டுக் குடும்பத்தார் அலுவலக வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு பெயர் கேட்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றும் தெரியாது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயலலை தனுஷ்கோடியை விழுங்கி, பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் அடித்துச்சென்ற பிறகு, இந்தக் கரையில் நின்றவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். எல்லோருடைய உடலும் கிடைத்துவிடவில்லை. உடல் கிடைக்காதபோது தருப்பையை முடிந்து ஆள் உருவமாக்கி, அதற்குப் பெயர் சொல்லி எரித்து, சாம்பலைக் கடலில் கரைக்கும் முறை ஒன்று இருக்கிறது. போனவர் அலையாமல் இருக்க, அவருக்கு ஓர் உடலை இருப்பவர்களே செய்துகொடுக்கிறார்கள்.